பழகியது உடம்பு அல்ல

"உடம்பு மருந்துக்குப் பழகிடுச்சு போல."

ஸ்கேன் ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு பெரியப்பா இதைச் சொன்னார். பெருங்குடல் புற்றுநோய், கல்லீரலுக்குப் பரவியது. எட்டு மாதமாகச் சுருங்கிக்கொண்டே வந்த கட்டிகள் மறுபடி வளரத் தொடங்கியிருந்தன. பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பி, "நடுவுல ஒரு வாரம் தள்ளிப்போட்டோமே, அதனால இருக்குமாப்பா?" என்று கேட்டார். ஒருமுறை பெரியப்பாவுக்குக் காய்ச்சல் வந்து, மருந்து ஏற்ற வேண்டிய தேதி ஒரு வாரம் தள்ளிப்போயிருந்தது. டாக்டரிடம் கேட்டுத் தள்ளிவைத்தது பெரியம்மாதான்.

நான் மூலக்கூறு நோயியல் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். பெரியப்பாவுக்கு ஏற்றிய அதே மருந்து யாருக்குப் பலிக்கும், யாருக்குப் பலிக்காது என்று சொல்லும் பரிசோதனைதான் என் அன்றாட வேலை. அப்படியிருந்தும் அன்று "அதெல்லாம் இல்ல பெரியம்மா" என்பதைத் தாண்டி எனக்கு ஒன்றும் வாயில் வரவில்லை. சரியான பதில் நீளமானது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் மேசைக்கு வருவது ஒரு மெழுகுக் கட்டி. பயாப்ஸியிலோ அறுவையிலோ எடுத்த திசுவை ஃபார்மலினில் ஊறவைத்து, பாரஃபின் மெழுகில் பதித்து அனுப்புவார்கள். நாங்கள் அதை பிளாக் என்போம். மைக்ரோடோமில் வைத்துச் சீவினால் ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு கனத்தில் நாடா போல வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடி ஸ்லைடில் ஏந்திக்கொள்ள வேண்டும். ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்றிய ஒரு ஸ்லைடை நோயியல் மருத்துவர் பார்த்து, புற்றுச் செல்கள் அடர்ந்திருக்கும் இடத்தைச் சுற்றி மார்க்கரால் ஒரு வட்டம் போட்டுத் தருவார். சாயம் ஏற்றாத ஸ்லைடை அதன் மேல் பொருத்தி வைத்து, வட்டத்துக்குள் இருப்பதை மட்டும் பிளேடால் சுரண்டி எடுப்போம். நகக்கண் அளவுகூட இருக்காது. அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, சில குறிப்பிட்ட இடங்களில் எழுத்து மாறியிருக்கிறதா என்று பார்ப்போம். அந்த இடங்களில் முதன்மையானது கேராஸ் என்ற மரபணு.

கேராஸ் நமக்கு வெளியிலிருந்து வந்த எதிரி இல்லை. 1960-களில் வெர்னர் கிர்ஸ்டன் என்ற ஆய்வாளர் எலிகளில் சார்கோமா புற்றை உண்டாக்கும் ஒரு வைரஸைக் கண்டார். அந்த வைரஸ் சுமந்து திரிந்தது எலியிடமிருந்தே எடுத்துக்கொண்ட மரபணு என்றும், அதன் இணை நம் எல்லோருடைய 12-ஆம் குரோமோசோமிலும் இருக்கிறது என்றும் பிறகு தெரியவந்தது. பெயரிலுள்ள முதல் எழுத்து கிர்ஸ்டனுடையது. இந்த மரபணுவை முழுவதுமாக நீக்கிவிட்டால் எலிக்குஞ்சு கருவிலேயே இறந்துவிடும். அவ்வளவு அடிப்படையான வேலை அதற்கு.

அந்த வேலை என்ன? செல்லுக்கு வெளியிலிருந்து "பெருகு" என்று ஒரு சேதி வருகிறது. செல்லின் மேற்பரப்பில் நிற்கும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற ஏற்பி அதை வாங்கி உள்ளே தள்ளுகிறது. உள்ளே கேராஸ் புரதம் மூன்று பாஸ்பேட் கொண்ட ஒரு சிறு மூலக்கூறைப் பற்றிக்கொண்டு விழித்துக்கொள்கிறது, அடுத்தடுத்த புரதங்களைத் தட்டி எழுப்புகிறது, செல் இரண்டாகப் பிரிகிறது. வேலை முடிந்ததும் துணைப்புரதம் ஒன்று வந்து தன் விரல் போன்ற நுனியை கேராஸின் இடுக்கில் நுழைக்கும். மூன்று பாஸ்பேட்டில் ஒன்று கழன்று விழும். கேராஸ் அணைந்துவிடும்.

சுமார் 188 அமினோ அமிலங்கள் கோத்த சின்னப் புரதம் அது. அதில் 12-ஆவது இடத்தில் கிளைசின் உட்கார்ந்திருக்கிறது. அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது கிளைசின்தான். அது சிறியதாக இருப்பதால்தான் துணைப்புரதத்தின் விரல் நுழைய இடம் கிடைக்கிறது. மரபணுவில் அந்த இடத்துக்கான மூன்று எழுத்து ஜி, ஜி, டி. நடு எழுத்து ஜி என்பது ஏ என்று மாறிவிட்டால் போதும், கிளைசின் போய் அஸ்பார்ட்டிக் அமிலம் வந்து உட்காரும். அது உடம்பால் பெரியது. விரல் நுழையாது, பாஸ்பேட் கழலாது, கேராஸ் அணையாது. திருகினாலும் மூடாத குழாய் மாதிரி. பெருங்குடல் புற்றுநோய்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பதில் கேராஸ் இப்படி ஏதோ ஓர் இடத்தில் பிறழ்ந்திருக்கிறது. 2022-இல் மட்டும் உலகெங்கும் 19 லட்சம் பேருக்குப் புதிதாக இந்த நோய் கண்டறியப்பட்டது என்பதோடு சேர்த்துப் பார்த்தால் அந்த ஓர் எழுத்தின் கனம் புரியும்.

ஆனால் கேராஸ் முதலில் வருவதில்லை. குடலின் உட்பூச்சு நான்கைந்து நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. குழிகளின் அடியில் இருக்கும் ஸ்டெம் செல்கள் பெருகி, புதுச் செல்கள் மேலேறி, முதிர்ந்து உதிர்ந்துவிடும். "போதும், முதிர்ந்துகொள்" என்று சொல்லும் கட்டுப்பாட்டில் பெரும்பங்கு ஏ.பி.சி. என்ற மரபணுவுக்கு. பெரும்பாலான பெருங்குடல் புற்றுகளில் முதலில் உடைவது இதுதான். உடைந்ததும் பாலிப் என்ற ஒரு சிறு சதை வளர்ச்சி முளைக்கிறது. பிறகு கேராஸ் பிறழ்ந்தால் அது பெரிதாகிறது. பிறகு பி-53 போன்ற காவல் மரபணுவும் போனால் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. பெர்ட் வோகல்ஸ்டைனும் எரிக் ஃபியரனும் 1990-இல் இந்தப் படிகளை வரிசைப்படுத்திக் காட்டினார்கள். முதல் படியிலிருந்து கடைசிப் படிக்குப் போக பல நேரம் பத்து வருடம் ஆகிறது. கொலோனோஸ்கோப்பியில் பாலிப்பை எடுத்துவிட்டால் புற்று வராமலே தடுக்க முடிவது இந்தப் பத்து வருட அவகாசத்தால்தான். இந்த நோயில் இதைவிடப் பெரிய கருணை எதுவும் இல்லை என்று நினைக்கிறேன்.

ஏ.பி.சி. பற்றி இன்னொன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. 2015-இல் ஓர் எலி ஆய்வு வெளியானது. ஏ.பி.சி. மரபணுவை வெட்டி எறியாமல், அதன் செயலை மட்டும் ஒரு மருந்தைக் கொடுத்து அடக்கிவைத்தார்கள். அந்த எலிகளில் கேராஸும் பி-53-உம்கூடப் பழுதாகியிருந்தன. குடலில் கட்டிகள் வந்தன. பிறகு மருந்தை நிறுத்தி ஏ.பி.சி.யை மறுபடி வேலை செய்யவிட்டார்கள். நான்கே நாளில் செல்கள் பெருகுவதை நிறுத்தி முதிரத் தொடங்கின. இரண்டு வாரத்தில் கட்டிகள் மறைந்து, அந்த இடத்தில் சாதாரணக் குடல் குழிகள் உருவாயின. மற்ற இரண்டு மரபணுக்களும் பழுதாகவே இருந்தும் இது நடந்தது. மனிதர்களில் ஏ.பி.சி.யை இப்படித் திருப்பி எழுப்ப இன்னும் வழியில்லை. என்றாலும் அந்தக் கட்டுரையின் படங்களை முதல்முறை பார்த்த இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. எழுத்து மாறியிருக்கிறதா என்று மட்டுமே தேடுகிறவன் நான். ஒரு மரபணு இந்த நிமிடம் வேலை செய்கிறதா, எவ்வளவு செய்கிறது என்பதும் அதே அளவு முக்கியம் என்று அன்றுதான் உறைத்தது.

சரி, மருந்துக்கு வருகிறேன்.

செடுக்ஸிமாப் என்பது ஈ.ஜி.எஃப்.ஆர். ஏற்பியின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும் ஆன்டிபாடி. சேதி உள்ளே போகாது. 2004-இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தபோது, கட்டியில் அந்த ஏற்பி இருக்கிறதா என்று சாயம் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏற்பி நிறைய இருந்தவர்களிலும் பலருக்கு மருந்து துளியும் பலிக்கவில்லை. ஏன் என்பதற்கான விடை வாசலில் இல்லை, வீட்டுக்குள் இருந்தது. கேராஸ் உள்ளே அணையாமல் எரிந்துகொண்டிருந்தால், வாசலைப் பூட்டி என்ன பயன்?

2008-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு இதைக் கணக்குப் போட்டுக் காட்டியது. வேறு சிகிச்சைகள் கைவிட்ட நோயாளிகள் அவர்கள். கேராஸ் பிறழாதவர்கள் செடுக்ஸிமாப் பெற்றபோது வாழ்ந்த காலத்தின் இடைநிலை 9.5 மாதம், பெறாதபோது 4.8 மாதம். கேராஸ் பிறழ்ந்தவர்களுக்கு? பெற்றபோது 4.5, பெறாதபோது 4.6. பலனே இல்லை. அந்தக் கடைசி இரண்டு எண்களுக்குப் பின்னால் இருக்கும் மனிதர்களை நினைத்துப் பாருங்கள். வாரா வாரம் வந்து படுத்து, தோலெல்லாம் வெடித்து, ஒரு நாள்கூட அதிகம் கிடைக்காமல் போனவர்கள். 2009-லிருந்து கேராஸ் பார்க்காமல் இந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது என்று ஆனது. பிறகு கேராஸின் மற்ற இடங்களும், அதன் உடன்பிறப்பான என்ராஸும் பட்டியலில் சேர்ந்தன. என் மேசைக்கு பிளாக்குகள் வருவது இதனால்தான்.

பெரியப்பாவின் பரிசோதனை வேறோர் ஆய்வகத்தில் நடந்தது. "பிறழ்வு காணப்படவில்லை" என்று ஒரே ஒரு வரி. அதைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கியது. கீமோவோடு செடுக்ஸிமாப் தொடங்கினார்கள். மூன்றாவது வாரத்துக்குள் முகம், மார்பு, முதுகு எல்லாம் பரு மாதிரி கிளம்பியது. தோலிலும் ஈ.ஜி.எஃப்.ஆர். உண்டு, அங்கேயும் மருந்து போய் அடைக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. பரு நன்றாக வருகிறவர்களுக்கு மருந்தும் நன்றாக வேலை செய்வதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. நான் இதைச் சொன்னதிலிருந்து பெரியப்பா தினமும் கண்ணாடி பார்த்து, "இன்னிக்கு அதிகமா இருக்குடா" என்று சந்தோஷமாக போன் செய்வார்.

இப்போது அவருடைய முதல் வாக்கியத்துக்குத் திரும்பிப் போங்கள். உடம்பு பழகிவிட்டது என்றால் தோலும்தானே பழகியிருக்க வேண்டும்? கட்டி மறுபடி வளர்கிறது என்று ஸ்கேன் சொன்ன அந்த நாளிலும் அவர் கன்னத்தில் பரு இருந்தது. மருந்து தோலின் ஏற்பியை அன்றும் அடைத்துக்கொண்டுதான் இருந்தது. கட்டியின் ஏற்பியையும் அடைத்திருக்கும். மாறியது கட்டிக்குள் இருந்த ஒரு கூட்டம் செல்கள் மட்டும்.

ஸ்கேனுக்குப் பிறகு டாக்டர் ரத்தத்தில் பரிசோதனை எழுதினார். இறக்கும் புற்றுச் செல்கள் தங்கள் டி.என்.ஏ. துணுக்குகளை ரத்தத்தில் விட்டுச் செல்கின்றன. இரண்டு குழாய் ரத்தம் போதும். வந்த ரிப்போர்ட்டில் கேராஸ் இருந்தது. ஒன்று இல்லை, இரண்டு விதமான பிறழ்வுகள், சிறிய அளவில்.

இது பெரியப்பாவுக்கு மட்டும் நடந்த விசேஷம் இல்லை. 2012-இல் ஒரே நேரத்தில் இரண்டு குழுக்கள் இதைக் கண்டு எழுதின. ஒன்று இத்தாலியில் ஆல்பர்ட்டோ பார்தெல்லியின் குழு, மற்றொன்று அமெரிக்காவில் வோகல்ஸ்டைன் இருந்த குழு. தொடக்கத்தில் கேராஸ் பிறழாத 24 பேரைப் பின்தொடர்ந்ததில் 9 பேரின் ரத்தத்தில், பெரும்பாலும் ஐந்தாறு மாதத்தில், கேராஸ் பிறழ்வு தென்பட்டது. சிலரிடம் ஸ்கேனில் தெரிவதற்குப் பத்து மாதம் முன்பே ரத்தத்தில் தெரிந்திருக்கிறது. அமெரிக்கக் குழு அந்த வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது கிடைத்த விடைதான் எனக்கு முக்கியம். சிகிச்சை தொடங்கும் முன்பே அந்தப் பிறழ்ந்த செல்கள் கட்டியில் இருந்திருக்க வேண்டும்.

எப்படி என்றால், கண்ணுக்குத் தெரியும் அளவு ஒரு கட்டியில் கோடிக்கணக்கான செல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு முறை செல் பிரியும்போதும் நகலெடுப்பதில் அங்கங்கே எழுத்துப்பிழை விழும். அத்தனை கோடியில் எங்கோ சில செல்களில் கேராஸின் அந்த எழுத்தும் மாறியிருக்கும். நாம் பிளேடால் சுரண்டுவது ஒரு வட்டத்துக்குள் இருப்பதை. பத்தாயிரத்தில் ஒன்று என்ற விகிதத்தில் இருப்பதை எங்கள் வழக்கமான முறை பிடிக்காது. ஆகவே "பிறழ்வு காணப்படவில்லை" என்ற அந்த வரி பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. மருந்து வந்து மற்ற செல்களைச் சாய்த்ததும், அந்தச் சிலவற்றுக்கு இடம் கிடைத்தது.

இதற்கு மேல் ஒரு வழியும் உண்டு, இது எழுத்து மாறாமல், மரபணுக்களின் செயல் மாறுவதில் தொடங்குவது. 2019-இல் பார்தெல்லியின் குழுவே காட்டியது: செடுக்ஸிமாப் போன்ற மருந்து பட்டும் சாகாமல் தாக்குப்பிடிக்கும் செல்கள், நகலெடுப்பில் விழும் பிழையைத் திருத்தும் மரபணுக்களின் செயலைத் தற்காலிகமாகக் குறைத்துக்கொள்கின்றன. பிழையோடு நகலெடுக்கும் என்சைம்களைக் கூட்டிக்கொள்கின்றன. அதாவது நெருக்கடி வந்ததும் பிழைகளைத் தாங்களே பெருக்கி, அதில் ஏதாவது ஒன்று தப்ப வழி காட்டுமா என்று தேடுகின்றன. ஆன்டிபயாட்டிக் பட்ட பாக்டீரியாவும் இதையேதான் செய்யும். 2021-இல் கனடாவிலிருந்து வந்த மற்றோர் ஆய்வில், கீமோ கொடுத்ததும் பெருங்குடல் புற்றுச் செல்கள் உறக்கத்துக்குப் போவதைப் பார்த்தார்கள். பல பாலூட்டிகள் காலம் சரியில்லாதபோது கருவின் வளர்ச்சியை நிறுத்தி வைக்கும். அந்தக் கருவில் எந்த மரபணுக்கள் ஏறி இறங்குகின்றனவோ, ஏறக்குறைய அதே மாதிரி இந்தச் செல்களிலும் ஏறி இறங்கின. மருந்து நின்றதும் விழித்துக்கொண்டன. இதற்கென்று தனிப்பிறவிச் செல்கள் இல்லை, எந்தச் செல்லும் அந்த உறக்கத்துக்குள் போகக்கூடியதாக இருந்தது.

1957-இல் சார்லஸ் ஹைடல்பெர்கர் உருவாக்கிய ஃபைவ்-எஃப்.யூ. இன்றும் இந்த நோயின் முதுகெலும்பு மருந்து. டி.என்.ஏ.வின் ஓர் எழுத்தைச் செய்து தரும் தைமிடிலேட் சின்தேஸ் என்ற என்சைமை அது முடக்குகிறது. சில செல்கள் அந்த என்சைமுக்கான மரபணுவின் செயலைக் கூட்டி, மருந்தால் முடக்க முடியாத அளவுக்கு என்சைமைச் செய்து குவித்துவிடும். இங்கேயும் என்சைமின் வடிவம் அப்படியே இருக்கும், அளவு மட்டும்தான் கூடியிருக்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. எம்.எல்.எச்.-1 என்ற பிழைதிருத்தும் மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறாமல், மெத்தில் என்ற சிறு வேதித்துணுக்கு ஒட்டி வாயை அடைத்துவிடுவதாலேயே வரும் பெருங்குடல் புற்றுகள் உண்டு. பிழைகள் மலைபோல் குவிந்து, புற்று தன் முகத்தை நோயெதிர்ப்புச் செல்களிடமிருந்து மறைக்க முடியாமல் போகிறது. கீமோவுக்குச் சரியாக மசியாத இந்த வகை, நோயெதிர்ப்பு மருந்துகளுக்கு அழகாக மசிகிறது. 2022-இல் பிழைதிருத்தம் பழுதான மலக்குடல் புற்று இருந்த 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தை மட்டும் கொடுத்துப் பார்த்ததில், 12 பேருக்குமே கட்டி தடயமில்லாமல் மறைந்தது. ஆகவே, பரவிய நோய் என்று தெரிந்தால் ராஸ் (கேராஸும் என்ராஸும்), பி-ராஃப், பிழைதிருத்தம் இந்த மூன்றும் பார்த்தாகிவிட்டதா என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

பி-ராஃப் என்றதும் ஒன்று நினைவு வருகிறது. கேராஸுக்கு அடுத்த படியில் நிற்கும் புரதம் அது. அதிலும் பிறழ்வு வருவதுண்டு. அதே பிறழ்வு மெலனோமா என்ற தோல் புற்றில் இருந்தால் வெமுராஃபெனிப் என்ற மாத்திரை பாதிப் பேருக்காவது கட்டியைச் சுருக்கும். பெருங்குடலில் அதே மாத்திரையை 21 பேருக்குக் கொடுத்ததில் ஒருவருக்குத்தான் சுருங்கியது. பி-ராஃபை அடைத்ததும் குடல் செல் ஈ.ஜி.எஃப்.ஆரின் செயலைக் கூட்டி வேறு பாதை திறந்துகொள்கிறது. மெலனோமா செல்லில் ஈ.ஜி.எஃப்.ஆர். பெரும்பாலும் சொற்பம், அதனால் அந்தப் பாதை கிடையாது. இது 2012-இல் புரிந்தது. இரண்டையும் சேர்த்தடைக்கும் சிகிச்சைக்கு 2020-இல் அனுமதி வந்தது. கேராஸ் புரதத்தையே பிடிக்கும் சோடோராசிப் மாத்திரையிலும் இதே கதைதான். தனியாகக் கொடுத்தால் குடலில் பத்தில் ஒருவருக்குத்தான் பலன். ஈ.ஜி.எஃப்.ஆர். ஆன்டிபாடியோடு சேர்த்தால் நான்கில் ஒருவருக்கு. அதுவும் 12-ஆவது இடத்தில் சிஸ்டீன் வந்த, நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்கு மட்டும் பொருந்தும். குறைவுதான். ஆனால் நாற்பது வருடம் "கேராஸை எந்த மருந்தாலும் பிடிக்க முடியாது" என்று சொல்லிக்கொண்டிருந்த துறை இது.

பெரியப்பாவுக்கு செடுக்ஸிமாப்பை நிறுத்திவிட்டு வேறு கீமோவுக்கு மாற்றினார்கள். நிறுத்தியதில் ஒரு கணக்கும் இருக்கிறது. மருந்தின் நெருக்குதல் இல்லாதபோது பிறழ்ந்த செல்களுக்கு அனுகூலம் போய்விடுகிறது, ரத்தத்தில் அவற்றின் அளவு சுமார் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. போதுமான அளவு இறங்கியதை ரத்தத்தில் பார்த்து, அதே வகை ஆன்டிபாடியை மறுபடி கொடுத்த இத்தாலிய ஆய்வு ஒன்றின் முடிவு 2022-இல் வந்தது. 27 பேரில் 8 பேருக்குக் கட்டி மறுபடி சுருங்கியது. கைவிட்ட மருந்து திரும்பக் கைகொடுத்திருக்கிறது.

போன வாரம் போய் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னேன். ஒரு காகிதத்தில் புள்ளிகள் வைத்து, நடுவில் இரண்டு புள்ளிகளை மட்டும் கறுப்பாக நிரப்பிக் காட்டினேன். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எப்போலேர்ந்து இருந்திருக்கும்?"

"மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே இருந்திருக்கும் பெரியப்பா."

"முதல் ஊசிக்கும் முன்னாடியே?"

"ஆமா. ஒரு வாரம் தள்ளிப்போனதால வந்தது இல்ல."

அவர் காகிதத்தை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு உள்பக்கம் எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "உன் பெரியம்மாகிட்ட நீயே சொல்லுடா. நான் சொன்னா சமாதானத்துக்குச் சொல்றேன்னு நினைச்சுக்குவா" என்றார்.